அலாய் வீலைத் திருப்பிப் பாருங்கள்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் உள்ளூர் டயர் கடையானாலும், சுவரில் மாட்டியிருக்கும் அலாய் வீல்களில் கண்ணில் படுவது முகப்பு மட்டும்தான். வண்டிக்குப் பொருந்துமா என்று சொல்லும் எண்கள் பின்பக்கத்தில், பெரும்பாலும் ஸ்போக்கின் உட்புறத்தில் வார்ப்பாக இருக்கும். டிசைன் பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அப்புறம் எண்களைப் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்றவை அநேகமாக அதன் பின்னாலேயே வருகின்றன.

பிசிடி என்பது நட்டுகளின் எண்ணிக்கையும், அவற்றின் துளை மையங்களைத் தொட்டுப் போகும் வட்டத்தின் விட்டமும். மாருதி டிசையருக்கும் ஹோண்டா சிட்டிக்கும் 4×100, அதாவது 4 நட்டு, 100 மி.மீ. விட்டம். ஃபோக்ஸ்வேகன் வென்டோ, ஸ்கோடா ரேபிட் வண்டிகளுக்கு 5×100. பழைய ஃபியட் லீனியாவுக்கு 4×98. இந்தக் கடைசி வகையில்தான் ஏமாறுவார்கள். 4×100 வீலை லீனியாவில் வைத்தால் ஒவ்வொரு துளையும் 1 மி.மீ. மட்டுமே தள்ளி நிற்கும்; முறுக்கினால் உட்கார்ந்துவிட்ட மாதிரியே இருக்கும். ஆனால் போல்ட் சாய்ந்த நிலையில் இறுகியிருப்பதால் ஓட ஓடத் தளரும்.

பிசிடி சரியாக இருந்தும் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றால் நடுத்துளையைப் பாருங்கள். வீலின் நடுத்துளை போய் உட்காரும் வண்டியின் மையப் பகுதிதான் ஹப். டிசையரின் ஹப் 54.1 மி.மீ., சிட்டியின் ஹப் 56.1 மி.மீ. வெளியே விற்கும் வீல்கள் பல வண்டிகளுக்கும் ஆகட்டும் என்று 67.1, 73.1 போன்ற பெரிய துளையோடு வரும். இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்ற வளையம் வேண்டும், டிசையரில் 73.1 துளை வீலைப் போட்டால் 73.1–54.1 என்று அளவு சொல்லி வாங்க வேண்டும். "நட்டே சென்டர் பண்ணிக்கும் சார்" என்பார்கள். கூம்பு நட்டு ஓரளவுக்கு அதைச் செய்யும், வீல் தரையைத் தொடாமல் இருக்கும்போது எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால். கடையில் அந்தப் பொறுமை அரிது. ரிங் இல்லாமல் மையம் சற்றே விலகினால் 80, 100 கி.மீ. வேகத்தில் உதறல் வரும். அதன்பின் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் மெஷினில் குறை தெரியாது. மெஷின் வீலை அதன் நடுத்துளையில் பிடிக்கிறது. உங்கள் வண்டியோ நட்டுகளில் பிடித்திருக்கிறது.

அடுத்து நட்டு. இதில் கவனம் குறைந்தால் வீலே கழன்று ஓடலாம். ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டின் அடிப்பகுதி உருண்டையானது. வெளியே விற்கும் வீல்களில் பெரும்பாலானவற்றில் நட்டு உட்காரும் குழி 60 டிகிரிக் கூம்பு. உருண்டை நட்டு கூம்பில் மெல்லிய ஒரு கோட்டளவில்தான் தொடும். அலுமினியம் அந்த இடத்தில் நசுங்க, இறுக்கம் குறைந்துவிடும். மரையின் அளவும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு: டிசையருக்கு எம்12×1.25, சிட்டிக்கு எம்12×1.5. மாறிப்போன நட்டை ஏர் கன்னால் ஏற்றினால் ஸ்டட்டின், அதாவது நட்டு ஏறும் ஹப் போல்ட்டின், மரை போய்விடும். ஆகவே முதலில் கையால் சுற்றச் சொல்லுங்கள். 1.25 மரையில் 8 சுற்றாவது, 1.5 மரையில் ஆறரைச் சுற்றாவது ஏற வேண்டும். கடைசி இறுக்கத்துக்கு, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரென்ச்தான் சரி. சிட்டிக்கு 108 நியூட்டன் மீட்டர். மற்ற வண்டிகளுக்குக் கையேட்டில் இருக்கும். 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை அதே அளவுக்குச் சரிபாருங்கள்.

பழைய நட்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு வீல்தான். நடுவழியில் பஞ்சர் ஆனால் அந்த வீலுக்கு அந்த நட்டுதான் வேண்டும். ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்துவிடுங்கள். புதிய செட்டில் பூட்டு நட்டு இருந்தால் அதன் சாவியும் அங்கேயே இருக்கட்டும்.

ஆஃப்செட் என்பது வீலின் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு வெளியே இருக்கிறது என்பது. ஈடி என்ற எழுத்துகளோடு குறித்திருப்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழையது 5.5ஜே ஈடி45, புதியது 7ஜே ஈடி35 என்று வைத்துக்கொள்வோம் (ஜேக்கு முன்னால் இருப்பது அங்குலத்தில் அகலம்). அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. கூடியது, பாதி 19 வெளியே, பாதி 19 உள்ளே. ஈடி 10 குறைந்ததால் முழு வீலும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக வெளிவிளிம்பு 29 மி.மீ. வெளியே போகும், உள்விளிம்பு 9 மி.மீ. சஸ்பென்ஷன் பக்கம் நெருங்கும். சும்மா நிற்கும் வண்டியில் இது அழகாகத்தான் இருக்கும். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பைகளுமாக ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது டயர் ஃபெண்டர் விளிம்பில் உரசும். பேரிங்குக்கும் சுமை கூடும், பள்ளத்தில் ஸ்டீயரிங் இழுக்கும். "ஸ்பேசர் போட்டுக்கலாம்" என்று ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே தகடு வைக்கும் யோசனையைக் குடும்ப வண்டிக்கு ஏற்க வேண்டாம்.

டயர் அளவு மாறும்போது மொத்த விட்டம் மாறக்கூடாது. அளவில் முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது, ஆர் என்ற எழுத்துக்குப் பின் வருவது அங்குலத்தில் வீலின் விட்டம். 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ.; 195/55 ஆர்16 போட்டாலும் ஏறக்குறைய அதேதான். 205/65 ஆர்15 போட்டால் 647 ஆகி 4 சதவீதம் கூடிவிடும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 104க்கு மேல் போகும். இதைப் பார்ப்பவர்களும் டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமைக் குறியீட்டை மறந்துவிடுகிறார்கள். 88 என்றால் ஒரு டயருக்கு 560 கிலோ, 87 என்றால் 545, 84 என்றால் 500. பழைய டயரில் இருப்பதைவிடக் குறைவான எண் வேண்டாம். வீலிலும் அதிகபட்ச சுமை கிலோவில் குறித்திருக்கும். முன், பின் ஆக்சில்களில் எது அதிகச் சுமை தாங்குகிறதோ, அந்தச் சுமையில் பாதிக்கு மேல் அது இருக்க வேண்டும்.

17 அங்குலம் வேண்டுமா? 185/65 டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ.; 205/45 ஆர்17 என்றால் 92 மி.மீ.தான். மழைக்குப் பிறகு நம் சாலைகளில் அந்த 28 மி.மீ. வித்தியாசம் வளைந்த விளிம்பாகவும் வீங்கிய டயராகவும் திரும்பி வரும். குடும்ப செடானுக்கு ஒரு அங்குலம் கூட்டுவது தாராளம். அலாய் என்றாலே எடை குறைவு என்பதும் தவறான நம்பிக்கை. மலிவான பெரிய வார்ப்பு வீல் பழைய இரும்பு வீலைவிடக் கனமாகவே இருக்கலாம். கடைத் தராசில் இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 16192 எண்ணும் இல்லாத வீல் என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம். பழைய வீல் வாங்குவதானால் ஸ்போக்கின் பின்பக்கத்தில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்று பெயிண்டுக்கு அடியிலும் தேடுங்கள்; சூடுபட்ட அலுமினியம் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் மறுபடி விரிசல் விடும். பேலன்சிங் எடைகளை விளிம்பில் தட்டி மாட்டாமல் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். பில்லைக் காட்டிப் புது வீலின் மதிப்பை இன்சூரன்ஸ் பாலிசியில் மின்சாரமற்ற உபகரணமாக (நான்-எலக்ட்ரிக்கல் ஆக்சசரி) சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் சேதமோ திருட்டோ நடந்தால் அந்தப் பணம் கிடைக்காது.

டயர் ஏற்றும் முன் வெறும் வீலை முன்பக்கத்தில் ஒன்று, பின்பக்கத்தில் ஒன்று மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். பிரேக் டிஸ்கைப் பிடிக்கும் கேலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, சஸ்பென்ஷனின் ஸ்ட்ரட்டில் வீல் இடிக்கிறதா என்றும் பாருங்கள். டயர் ஏறிய வீலைப் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை.