மெயின்ஃப்ரேமில் கேவிஎம்: வன்பொருளைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே மெஷினில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்ட உதவும் லினக்ஸ் வசதி கேவிஎம். அதற்கு வன்பொருளின் ஆதரவு இருக்கிறதா என்று பார்க்கும்போது, எக்ஸ்86 சர்வரில் பழகிய கை, ஐபிஎம் இஸட் மெயின்ஃப்ரேமில் உட்கார்ந்ததும் விஎம்எக்ஸ், எஸ்விஎம் என்றுதான் தேடும். ஒன்றும் கிடைக்காது. உடனே "இதில் விர்ச்சுவலைசேஷன் வசதி இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பெயர்கள் இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் உரியவை. இங்கே தேட வேண்டியது எஸ்ஐஈ. ப்ராக் அடைவிலுள்ள சிபியுஇன்ஃபோ கோப்பில், ஃபீச்சர்ஸ் என்று தொடங்கும் வரியில் இஸட்ஆர்க், எஸ்டிஎஃப்எல்ஈ போன்ற ப்ராசஸர் வசதிப் பெயர்களோடு அதுவும் இருக்கும்.

எஸ்ஐஈ (ஸ்டார்ட் இன்டர்ப்ரெட்டிவ் எக்ஸிக்யூஷன்), கெஸ்டின், அதாவது உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷினின், ஆணைகளை நேரடியாக ப்ராசஸரிலேயே ஓடவிடும் ஓர் ஆணை. 1980களில் ஐபிஎம்மின் 370-எக்ஸ்ஏ கட்டமைப்போடு வந்தது. ஆகவே இன்றைய மெஷினில் அது தென்படவில்லை என்றால், பயாஸ் அமைப்பைத் தேடி அலைய வேண்டாம். அப்படி ஒரு சுவிட்ச் இங்கே கிடையாது. உங்கள் லினக்ஸ் எந்த அடுக்கில் ஓடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது இன்னொரு கேவிஎம் ஹோஸ்டின் (கெஸ்டுகளை ஓட்டும் லினக்ஸின்) கெஸ்டாக இருக்கும். அந்த ஹோஸ்டில் கேவிஎம் கெர்னல் மாட்யூலை நெஸ்டட்=1 (கெஸ்டுக்குள்ளும் கெஸ்டை ஓட்ட அனுமதி) என்று ஏற்றியிருந்தால்தான் எஸ்ஐஈ மேலே வரும்; இயல்பாக அது அணைந்தே இருக்கும். மாற்ற வேண்டுமென்றால் அங்கு ஓடும் கெஸ்டுகளை நிறுத்திவிட்டு மாட்யூலை இறக்கி ஏற்ற வேண்டும் என்பதால், அந்த ஹோஸ்டை நிர்வகிப்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அடுக்கைக் கண்டுபிடிக்க எல்எஸ்சிபியு கட்டளை போதும். அதிலும் ஒரு குழப்பம் வரும். ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை நடத்தும் அடுக்கு) என்ற இடத்தில் பிஆர்/எஸ்எம் என்று பார்த்ததும், "இதுவே விர்ச்சுவல் மெஷின்தானே, கேவிஎம் எப்படி ஓடும்?" என்று பின்வாங்குவார்கள். அது எல்பாரைத்தான், அதாவது மெஷினின் ஃபர்ம்வேரே பிரித்துத் தரும் பகுதியைத்தான், குறிக்கிறது. 2003இல் வந்த இஸட்990 முதல் இந்த மெஷின்கள் எல்பார் இல்லாமல் இயங்குவதே இல்லை. கேவிஎம் ஹோஸ்ட் இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

எஸ்ஐஈ இருக்கிறது, ஆனால் டெவ் அடைவில் கேவிஎம் கோப்பு இல்லை என்றால் மாட்யூல் ஏறவில்லை என்று பொருள். இங்கே அதன் பெயர் வெறும் கேவிஎம். கேவிஎம்_இன்டெல் போல வால் எதுவும் இருக்காது.

செக்யூர் எக்ஸிக்யூஷன் (கெஸ்டின் நினைவகத்தை ஹோஸ்டே பார்க்க முடியாதபடி காக்கும் வசதி) தேவைப்படுபவர்கள் எஸ்ஐஈயைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளவே கூடாது. அதற்கு ஐபிஎம்மின் இஸட்15 அல்லது அதன் லினக்ஸுக்கான மெயின்ஃப்ரேமான லினக்ஸ்ஒன் 3, அல்லது அவற்றுக்குப் பின் வந்த மெஷின் வேண்டும். கெர்னலின் பூட் கட்டளை வரியில் ப்ராட்_விர்ட்=1 என்று கொடுத்து மறுபடி பூட் செய்யுங்கள். பிறகு சிஸ் அடைவின் ஃபர்ம்வேர், யுவி பகுதிக்குள் ப்ராட்_விர்ட்_ஹோஸ்ட் கோப்பைப் படித்தால் 1 வர வேண்டும்.