அரசாங்கப் பக்கம் நின்று குடிவரவு வழக்குப் பேசப் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவில் சட்டம் படித்து முடித்துவிட்டு, கனடா நீதித் திணைக்களத்தில் குடிவரவு வழக்குப் பார்க்கிற வேலைக்குப் போகலாமா என்று கேட்கிற தம்பி தங்கச்சிமார் இப்போது அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி முடியவில்லை, அதனால் நான் செய்து பழகியதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

வேலைக்குள் நுழைவது பற்றிச் சுருக்கமாக. ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் வேண்டும். இலங்கையிலோ இந்தியாவிலோ சட்டம் படித்தவர் என்றால் அதற்கு முதல், வெளிநாட்டுச் சட்டப் படிப்பை மதிப்பிடுகிற என்சிஏ அமைப்பின் மதிப்பீட்டையும் பரீட்சைகளையும் முடிக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்குப் பொறுமை வேண்டும். பிரெஞ்சு தெரிந்திருந்தால் பிற்காலத்தில் கைகொடுக்கும். மிச்சம் எல்லாம் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே கிடக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். வழக்கின் தலைப்பில் குடிவரவு அமைச்சரின் பெயர் இருக்கும், நாடு கடத்தல் விஷயம் என்றால் பொதுப் பாதுகாப்பு அமைச்சர். ஆனால் கோப்பைத் திறந்தால் உள்ளே இருப்பது யாரோ ஒரு அதிகாரியோ, அகதி மேன்முறையீட்டுப் பிரிவின் உறுப்பினரோ எழுதிய ஒரு முடிவு. அந்த முடிவு நியாயமாக எடுக்கப்பட்டதா என்பதைத்தான் பெடரல் கோர்ட் பார்க்கும். அந்த ஆளுக்கு இந்த நாட்டில் இருக்கத் தகுதி உண்டா என்று புதிதாக விசாரிக்காது. மனுதாரர் நல்லவரா கெட்டவரா என்று நீங்கள் பேசத் தொடங்கினால் நீதிபதி ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவார், அது சரியும்கூட.

நாள் கணக்கு முக்கியம். கனடாவுக்குள் எடுத்த முடிவை எதிர்க்க மனுதாரருக்கு 15 நாள், வெளிநாட்டில் எடுத்த முடிவுக்கு 60 நாள். மனு உங்களுக்கு வந்து 10 நாளுக்குள் ஆஜராகும் அறிவித்தலைக் கொடுக்க வேண்டும். மனுதாரரின் ஆவணத் தொகுப்பு கைக்கு வந்த பிறகு உங்கள் எழுத்து வாதத்துக்கு 30 நாள். கேட்க நிறைய நாள் மாதிரித்தான் இருக்கும், ஆனால் 2024 இல் பெடரல் கோர்ட்டுக்கு வந்த குடிவரவு மனுக்கள் 20,000 ஐத் தாண்டின, ஆகவே எந்தக் கோப்பும் உங்கள் மேசையில் தனியாக இருக்காது. நான் தொகுப்பு வந்த அன்றே நாட்காட்டியில் இரண்டு நாட்களைக் குறிப்பேன்: 30 ஆம் நாள் தாக்கல் செய்ய, 10 ஆம் நாள் இந்த முடிவைக் காப்பாற்ற முடியுமா இல்லையா என்று எனக்குள் தீர்மானிக்க. இரண்டாவதைத் தவறவிட்டால், எழுதி முடித்த வாதத்தின் மேல் உங்களுக்கே பாசம் வந்துவிடும், பிறகு அது பலவீனம் என்று ஒப்புக்கொள்ள மனம் வராது.

முதல் கட்டம், வழக்கை விசாரணைக்கு எடுக்கும் அனுமதி. ஒரே ஒரு நீதிபதி, ஆட்களைக் கூப்பிடாமல், தாள்களை மட்டும் பார்த்து அனுமதி கொடுக்கலாமா என்று முடிவெடுப்பார். அனுமதி மறுத்தால் அதற்கு மேல் மேன்முறையீடு கிடையாது. ஏராளமான வழக்குகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுவதால் உங்கள் எழுத்துக்கு இருக்கிற பாரத்தை யோசித்துப் பாருங்கள்.

இனி வாசிக்கிற முறை. நிராகரிப்புக் கடிதத்தை முதலில் வாசிக்காதீர்கள். அது பெரும்பாலும் அச்சில் வார்த்த மாதிரி, எல்லோருக்கும் ஒரே வசனம். நான் முதலில் விண்ணப்பதாரர் கொடுத்த ஆவணங்களை வாசிப்பேன், அதிகாரியின் கதிரையில் இருந்து வாசிப்பது போல. அதன் பிறகு ஜிசிஎம்எஸ் குறிப்புகள், அதாவது குடிவரவுத் திணைக்களத்தின் கணினிக் கோப்பில் அதிகாரி எழுதி வைப்பவை. உண்மையான காரணம் அங்கேதான் இருக்கும், இல்லாவிட்டால் எங்கேயும் இருக்காது. அதிகாரியின் குறிப்பையே காரணமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது 1999 இல் பேக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேவிஸ் பேக்கர் ஜமேக்காவிலிருந்து வந்து வீட்டு வேலை செய்தவர், இங்கே பிறந்த நான்கு பிள்ளைகளின் தாய். அதிகாரியின் குறிப்பில் இருந்த தொனியே பக்கச்சார்பைக் காட்டியது, முடிவு ரத்தானது. குறிப்பு வாசிக்கும்போது உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் அந்தக் கூச்சத்தை மதியுங்கள், நீதிபதிக்கும் அதேதான் வரும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு பிழை விடுவார்கள், நானும் விட்டிருக்கிறேன். அதிகாரி இரண்டு வரியில் எழுதியதை எடுத்து, அதற்கு அழகான பத்துப் பக்கக் காரணம் நாங்களே எழுதுவது. ஆவணத்தில் எல்லாம் இருக்கிறதே, அதிகாரி இதைத்தானே நினைத்திருப்பார் என்று. 2019 இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த வாவிலோவ் தீர்ப்புக்குப் பிறகு அதற்கு இடமே இல்லை. முடிவெடுத்தவர் எழுதாத காரணத்தை நீதிமன்றமே இட்டு நிரப்பக் கூடாது என்றால் நீங்கள் எப்படி நிரப்புவது? உங்கள் வாதத்தின் ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில் பென்சிலால், இது காரணத்தின் எந்த வரியில் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத பந்தியை வெட்டிவிடுங்கள்.

எங்கள் ஆட்களின் பெயரிலேயே இருக்கிற ஒரு தீர்ப்பையும் வாசியுங்கள், 2015 இல் வந்த கந்தசாமி வழக்கு. பதினாறு வயதில் இலங்கையிலிருந்து தனியாக வந்த பையன். மனிதாபிமான அடிப்படையில் கேட்ட விண்ணப்பத்தில், அவருக்கு மனவடு இருக்கிறது என்ற மருத்துவக் கருத்தை அதிகாரி ஏற்றுக்கொண்டுவிட்டு, பிறகு சிகிச்சைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். இரண்டு கீழ் நீதிமன்றங்களில் அரசு வென்றது, உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. கீழே வென்ற முடிவும் நல்ல முடிவாக இருக்க வேண்டும் என்றில்லை என்று நான் படித்தது அந்தக் கோப்பில்தான்.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அகதிக் கோரிக்கை ஒன்று, நம்பகத்தன்மை இல்லை என்று நிராகரிக்கப்பட்டது. எழுத்து வாக்குமூலத்தில் அப்பா 2006 இல் இறந்துவிட்டார் என்று இருக்கிறது. விசாரணையிலோ, 2009 இல் முகாமிலிருந்து தன்னை அப்பா வந்து கூட்டிப் போனதாகச் சொன்னார் என்று பதிவு. இறந்தவர் எப்படி வந்தார்? தாளில் பார்த்தால் அரசுக்கு இதைவிட வலுவான கோப்பு கிடையாது. எதிர்ப்பக்கச் சட்டத்தரணியும் அந்த இடத்தைத் தொடவே இல்லை. ஏனோ மனம் கேட்கவில்லை, ஒலிப்பதிவை எடுத்துக் கேட்டேன். "பெரியப்பாதான் வந்து கூட்டிக்கொண்டு போனவர்." மூன்று தரம் திருப்பிக் கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் வாயில் அது வெறும் அப்பாவாகிவிட்டது.

இப்படி வந்தால் என்ன செய்வது? நீங்கள் வழக்கின் சட்டத்தரணி, சாட்சியும் மொழிபெயர்ப்பாளரும் ஆக முடியாது. உடனே மேலாளரிடம் சொல்லுங்கள், அந்தப் பகுதியைச் சம்பந்தமில்லாத ஒரு தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள், அதை வைத்துக் குடிவரவுத் திணைக்களத்துக்கு, இதைக் காப்பாற்ற முடியாது, முடிவை ரத்துச் செய்ய இணங்குவோம் என்று எழுதுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். கோரிக்கை வேறொரு உறுப்பினரிடம் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, இணங்கினால் கோப்பு எங்களிடம் மூடிவிடும்.

இணங்குவதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். எங்கள் வழக்குகளில் விசேட காரணம் இல்லாவிட்டால் செலவுத் தொகை கட்டச் சொல்வதில்லை, அதனால் பலவீனமான முடிவை இழுத்தடித்தால் பணத்தால் சுடாது. ஆனால் தன்னைத் தானே கட்டுப்படுத்தத் தெரியாத சட்டத்தரணியால் ஒரு குடும்பம் ஒரு வருடம் வீணாகக் காத்திருக்கும். இணங்குவதானால் சீக்கிரம் சொல்லுங்கள்.

கலியாண வீட்டில் யாராவது கேட்பார்கள்: "தம்பி, எங்கட சனத்தை அனுப்புற வேலையோ?" எனக்கும் அது நோகும். நான் சொல்வது இதுதான்: "அண்ணை, அந்தக் கதிரையில ஆரோ ஒராள் இருக்கத்தான் போறார், பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஒராளும் இருக்கட்டும்." இன்னொன்று, ரொறன்ரோவில் எங்கள் சனம் சின்ன வட்டம். மனுதாரரைக் கோயிலில் கண்டிருந்தாலும் சரி, மச்சானின் சிநேகிதர் என்றாலும் சரி, பெயரைப் பார்த்த அன்றே மேலாளரிடம் சொல்லிக் கோப்பை மாற்றிக் கொடுங்கள்.

கடைசியாக, நாடு கடத்தலை நிறுத்தக் கேட்கும் அவசர மனுக்கள். விமானம் ஞாயிற்றுக்கிழமை என்றால் மனு வெள்ளி மத்தியானம் வரும். நீதிபதி பார்ப்பது மூன்று: பாரதூரமான சட்டக் கேள்வி இருக்கிறதா, ஈடுசெய்ய முடியாத பாதிப்பு வருமா, நிறுத்தினாலோ நிறுத்தாவிட்டாலோ யாருக்குக் கூடுதல் கஷ்டம். நாடு கடத்தும் அதிகாரிக்குப் பயணத்தைத் தள்ளிப்போடும் அதிகாரம் கொஞ்சம்தான், உத்தரவைக் கூடிய சீக்கிரம் நிறைவேற்றச் சொல்லித்தான் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சத்தை மறக்காதீர்கள். ஜூன் முதல் வாரத்தில் வந்த கோப்பில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முடிய மூன்று கிழமை மிச்சம் என்றால், வாதம் எழுதத் தொடங்கும் முன் அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்து, அதுவரை தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். சில நேரம் ஆம் என்பார்கள், மனுவே தேவைப்படாது.

முடியாது என்றால் எழுதுங்கள், பேசுங்கள். பெரும்பாலும் ஸூமில்தான் நடக்கும், சிலவேளை சனிக்கிழமையிலும். தொடங்கும் முன் விமானம் எத்தனை மணிக்கு, எந்த டெர்மினல், கூட்டிப் போகும் அதிகாரியின் நேரடி இலக்கம் என்ன என்பதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். உத்தரவு எந்தப் பக்கம் வந்தாலும் முதல் வேலை அந்த இலக்கத்துக்கு அழைப்பது. மின்னஞ்சல் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள், விமான நிலையத்தில் நிற்கிற அதிகாரி மின்னஞ்சல் பார்ப்பதில்லை. நிறுத்து என்று உத்தரவு வந்திருந்தால், விளங்கிவிட்டது என்று அவர் வாயால் சொல்லும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள்.