கரண்ட் போனாலும் நாடகம் தப்பும்

கிளிநொச்சி வீட்டில் மூலையில் கிடந்த பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, டிவி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் டிவிஹெட்எண்ட் என்ற திறந்த மூல மென்பொருளை ஏற்றி, டிஷ் வயரை சனல் பிடிக்கும் யூஎஸ்பி ட்யூனர் ஒன்றில் கொடுத்திருக்கிறேன். லினக்ஸில் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) உள்ள ட்யூனரா என்று பார்த்து வாங்குங்கள். என் முதல் காசு அதில்தான் வீணாகப் போனது. இலவசச் சனல்கள் மட்டுமே வரும்.

டிஷ்ஷில் வருவது ஏற்கெனவே சுருக்கிய டிஜிட்டல் சிக்னல். கணினி அதை அப்படியே டிஸ்க்கில் எழுதுகிறது, அவ்வளவுதான். நொடிக்கு 4 மெகாபிட் சனல் என்றால் மணிக்கு 1.8 ஜிபி, 500 ஜிபி டிஸ்க்கில் 270 மணிநேரம் அடங்கும். அம்மம்மாவின் நாடகங்களுக்குத் தாராளம்.

பெரிய தலையிடி கரண்ட் போவது. பதிவை, டிஷ்ஷில் வரும் டிஎஸ் (.ts) கோப்பு வடிவிலேயே விடுங்கள். எம்பி4 கோப்பில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும், இடையில் அறுந்தால் திறக்காது. டிஎஸ் அறுந்த இடம்வரை ஓடும். அப்புறம், கரண்ட் வந்ததும் கணினி தானாக இயங்கும்படி பயோஸில் (கணினியின் தொடக்க அமைப்பில்) மாற்றிவிடுங்கள். நீங்கள் வயலில் நின்றாலும் பெட்டி தானே எழும்பி மிச்ச நாடகத்தைப் பிடிக்கும். மாரி மழை கொட்டினால் சிக்னலே போய்விடும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.