கென்னடியின் கோப்புகளில் கியூபா ஏவுகணைப் படங்கள்: தேடுவது எப்படி, வாசிப்பது எப்படி?

1962 அக்டோபர் 16 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் கென்னடியின் முன்னால் சில கறுப்பு வெள்ளைப் படங்களை விரித்து வைத்தார்கள். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வந்து இறங்கிவிட்டன, இதோ ஆதாரம் என்றார்கள். கூட இருந்த தம்பி ராபர்ட் கென்னடிக்கு அவற்றில் ஏவுகணை எதுவும் தெரியவில்லை. வயலுக்கு நிலம் திருத்தியது போலவோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியது போலவோதான் இருந்தது, நிபுணர்கள் சொன்னதை நம்ப வேண்டியதாயிற்று என்று பின்னாளில் எழுதினார்.

அதனால் முதல்முறை பார்க்கும்போது உங்களுக்கு ஒன்றுமே புரியாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். கணினியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும், தொடங்கலாம்.

படி 1: சரியான வாசலுக்குப் போங்கள்

கூகுள் படத்தேடலில் தொடங்காதீர்கள். அங்கே படம் கிடைக்கும், பின்கதை கிடைக்காது. நேராக பாஸ்டன் நகரின் கொலம்பியா பாயின்ட்டில் இருக்கும் கென்னடி அதிபர் நூலகத்தின் இணையதளத்துக்குப் போங்கள். 1979-இல் திறக்கப்பட்ட இந்த நூலகம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் இயங்குகிறது. கணினிமயமாக்கிய கோப்புகளைக் காசில்லாமல் பார்க்கலாம்.

ஒரு சின்னத் தகவல். இன்றைய அதிபர்களின் அலுவல் ஆவணங்கள் அரசுக்குச் சொந்தம். ஆனால் அதற்கான 1978-ஆம் ஆண்டுச் சட்டம் 1981 ஜனவரி 20 முதல்தான் அமலுக்கு வந்தது. கென்னடி காலத்தில் அவை அதிபரின் சொந்த உடைமையாகக் கருதப்பட்டன, நன்கொடையாகவே நூலகத்துக்கு வந்தன.

படி 2: எந்த அலமாரி?

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். "புகைப்படங்கள்" பகுதியில் மட்டும் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று எழுந்துவிடுவார்கள். நானும் ஒரு மாலை முழுக்க அப்படித் தேடினேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் மேசையைச் சுற்றிக் கோட்டு போட்ட மனிதர்கள்தான்!

வெள்ளை மாளிகைப் புகைப்படத் தொகுப்பில் இருப்பவை அதிபரை எடுத்த படங்கள். எடுத்தவர்கள் முக்கியமாக மூன்று பேர்: தரைப்படையின் சிக்னல் பிரிவைச் சேர்ந்த செசில் ஸ்டோட்டன், கடற்படையைச் சேர்ந்த ராபர்ட் நட்சன், தேசியப் பூங்காத் துறையின் ஆபி ரோ. அதிபருக்குக் காட்டப்பட்ட ராணுவப் படங்கள் வேண்டுமென்றால் காகிதக் கோப்புகளுக்குள் போக வேண்டும். அதிபர் அலுவலகக் கோப்புகள் என்பவை அவருடைய செயலாளர் ஈவ்லின் லிங்கன் பராமரித்தவை. தேசியப் பாதுகாப்புக் கோப்புகள் தனித் தொகுப்பு. இவை போக, பாதுகாப்புத் துறையின் கியூபா நெருக்கடி விளக்கப் படங்களும் தனியாக இருக்கின்றன. என்னைக் கேட்டால் முதலில் இந்தக் கடைசித் தொகுப்பைத் திறக்கச் சொல்வேன்.

தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் கியூபா, மிசைல், சான் கிறிஸ்டோபல் (கியூபாவில் ஏவுதளம் இருந்த இடம்) போன்ற சொற்களைத் தட்டுங்கள். கோப்பு கிடைத்ததும் உங்களுக்கு வேண்டிய படத்துக்குத் தாவாமல், முன்னும் பின்னும் உள்ள தாள்களையும் புரட்டுங்கள். எந்தக் குறிப்போடு சேர்த்து அந்தப் படம் வைக்கப்பட்டது என்பது படத்தைப் போலவே முக்கியம்.

படி 3: எண்ணையும் தேதியையும் பிரித்துப் படியுங்கள்

1962 அக்டோபர் 29 அன்று நடந்த ஆலோசனைக் கூட்டத்தின் புகழ்பெற்ற படம் ஒன்றின் எண் எஸ்.டி-ஏ26-25-62. முதல் இரண்டு எழுத்து ஸ்டோட்டன், கடைசி 62 ஆண்டு. கே.என் என்றால் நட்சன், ஏ.ஆர் என்றால் ஆபி ரோ.

வான்வழிப் படங்களில் தேதிதான் ஆளைக் கவிழ்க்கும். அக்டோபர் 14 அன்று மேஜர் ரிச்சர்ட் ஹெய்சர் யூ-2 உளவு விமானத்தில் பறந்து 928 படங்கள் எடுத்தார். 15-ஆம் தேதி நிபுணர்கள் அவற்றை ஆராய்ந்தார்கள். 16-இல் கென்னடி பார்த்தார். 25-இல் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் ஐ.நா. பாதுகாப்பு அவையில் வான்வழிப் படங்களைப் பெரிதாக்கி வைத்துக் காட்டினார். எடுத்தது ஒரு நாள், காட்டியது வேறொரு நாள். உங்கள் குறிப்பேட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: படத்தை வாசியுங்கள்

அக்டோபர் 14 படங்களில் சான் கிறிஸ்டோபல் ஏவுதளத்தைக் காட்டும் ஒன்றைத் திரை நிறையப் பெரிதாக்குங்கள். முதலில் எழுத்துகளைப் படிக்காதீர்கள், கையால் மறைத்துக்கொண்டாலும் சரி. மரங்கள், மண்பாதை, பாதையோரம் சில வெளிறிய கோடுகள், அவ்வளவுதான். இப்போது கையை எடுங்கள். அம்புக்குறிகளோடு "எட்டு ஏவுகணை டிரெய்லர்கள்", "கூடாரங்கள்", "நிமிர்த்தி ஏவும் கருவி" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதற்கப்புறம் அந்தக் கோடுகளை டிரெய்லர்களாக அல்லாமல் வேறெதுவாகவும் பார்க்க முடியாது! அந்த எழுத்து பின்னால் சேர்த்தது, கேமரா எடுத்ததல்ல என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நிபுணர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அக்டோபர் 16 கூட்டத்தின் ஒலிப்பதிவு இருக்கிறது. இது நடுத்தர தூர ஏவுகணை என்று எப்படித் தெரியும் என்று கென்னடி கேட்கிறார். நீளத்தை வைத்துத்தான் என்கிறார் படப் பகுப்பாய்வு மையத்தின் தலைவர் ஆர்தர் லண்டால். மாஸ்கோ தெருக்களில் அணிவகுப்பில் இழுத்துவந்த ஏவுகணைகளின் படங்களும் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருந்தன. ஊரறியக் காட்டிய அணிவகுப்பே காட்டிக்கொடுத்தது, பாருங்கள்.

நீங்களும் அதே வழியில் போகலாம். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள், உயரமான பொருள் எது என்று அது சொல்லும். வாகனச் சக்கரத் தடங்கள் எங்கே போய் முடிகின்றன என்று பின்தொடருங்கள். படத்தின் மேல்பக்கம் வடக்கு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு விஷயம்: நிபுணர்கள் ஒரே இடத்தின் இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப் வழியாகச் சேர்த்துப் பார்த்து உயரத்தை உணர்ந்தார்கள். ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு நாம் அவர்களைவிடக் குறைவாகத்தான் பார்க்க முடியும்.

படி 5: சேமியுங்கள், பெயர் போடுங்கள்

கிடைப்பதில் பெரிய அளவுக் கோப்பை இறக்குங்கள். கோப்பின் பெயரிலேயே தொகுப்பு, படத்தின் எண், தேதி மூன்றையும் சேர்த்துவிடுங்கள். "கியூபா புதுசு 2" என்று பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்து நீங்களே திட்டிக்கொள்வீர்கள்.

அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக எடுத்த படங்களுக்கு அந்நாட்டில் காப்புரிமை இல்லை. ஆனால் அதே கோப்பில் செய்தி நிறுவனத்தின் படம் ஒன்று நடுவில் கிடக்கலாம், அதற்கு இந்தச் சலுகை கிடையாது. எடுத்தவர் பெயர் அல்லது துறை, தொகுப்பு, நூலகம், ஊர் என்ற வரிசையில் நன்றி போடுங்கள்.

சரி, ஒரு பயிற்சி. 1962 நவம்பர் 6 அன்று கியூபாவின் காசில்டா துறைமுகத்தில் ஏவுகணைகளைத் திரும்பக் கப்பலில் ஏற்றும்போது எடுத்த படத்தைத் தேடிப் பிடியுங்கள். கப்பலை விடுங்கள். கரையில், படத்தின் ஓரமாக, தரையில் ஒரு கரிய நிழல் கிடக்கும். இறக்கையும் வாலும் தெளிவாகத் தெரியும். அது படத்தை எடுத்துக்கொண்டிருந்த ஆர்.எப்-101 உளவு விமானத்தின் நிழல்.