வீட்டில் செய்யும் ஸ்பீக்கருக்கு கிராஸ்ஓவர் மீடிறன் தெரிவு செய்வது எப்படி?

கிராஸ்ஓவர் என்பது பாட்டின் தாழ்ந்த ஒலிகளை வூஃபருக்கும் (பெரிய ஸ்பீக்கர்) உயர்ந்த ஒலிகளை ட்வீட்டருக்கும் (சின்ன ஸ்பீக்கர்) பிரித்தனுப்பும் சுற்று; அப்படிப் பிரியும் இடமே கிராஸ்ஓவர் மீடிறன் (ஃப்ரீக்வென்சி). கடையில் விற்கும் கிராஸ்ஓவர் போர்டில் 3000 ஹேர்ட்ஸ் என்று அச்சடித்திருந்தால் அதை அப்படியே வாங்கிப் பூட்டிவிடாதீர்கள். எங்கே பிரிப்பது என்பது உங்களிடம் உள்ள வூஃபரையும் ட்வீட்டரையும் பொறுத்தது. 6.5 அங்குல வூஃபர், 1 அங்குல டோம் ட்வீட்டர், இரண்டும் 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: கீழ் எல்லை. விவரத்தாளில் ட்வீட்டரின் பரிவு மீடிறனை, அதாவது அது இயல்பாகவே கூடுதலாக அதிரும் மீடிறனைப் பாருங்கள். அதன் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்காதீர்கள். 1000 ஹேர்ட்ஸ் என்றால் எல்லை 2000. பழைய பெட்டியிலிருந்து கழற்றிய, விவரம் தெரியாத ட்வீட்டர் என்றால் 3000க்கு மேலே வைப்பதே பாதுகாப்பு.

படி 2: மேல் எல்லை. வூஃபரின் ரப்பர் ஓரத்தின் நடுவிலிருந்து எதிர்ப்பக்க ஓரத்தின் நடுவரை அளந்து பாருங்கள், ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர் வரும். நம் மலைநாட்டுக் குளிரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர் அளவு. 340ஐ 0.13ஆல் வகுத்தால் 2600. அதற்கு மேலே வூஃபரின் சத்தம் பரவாமல் நேராகவே போகும். லயத்துக் காம்பராவில் பெட்டிக்கு நேரே எத்தனை பேர் உட்கார முடியும்? அடுப்படியில் நிற்பவருக்குப் பாட்டு மங்கித்தான் கேட்கும்.

ஆக, 2000க்கும் 2600க்கும் நடுவே 2500ஐ எடுப்போம்.

படி 3: வடிவமைப்பு. ட்வீட்டருக்கு ஒரு கண்டென்சர், வூஃபருக்கு ஒரு காயில் என்பது முதல் வரிசை. செலவு குறைவு. ஆனால் ஒக்டேவுக்கு (மீடிறன் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒவ்வொரு தடவைக்கும்) 6 டெசிபல்தான் குறைக்கும். தேர்த் திருவிழாவுக்கு சத்தத்தைக் கூட்டினால் முதலில் கருகுவது ட்வீட்டர். அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது 12 டெசிபல் குறைக்கும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு கண்டென்சரும் ஒரு காயிலும் போடும் இரண்டாம் வரிசை லிங்க்விட்ஸ்-ரைலி வடிவமைப்பு.

கண்டென்சர் (மைக்ரோ ஃபரட்) = 79600 ÷ (ஓம் × ஹேர்ட்ஸ்)
காயில் (மில்லி ஹென்றி) = 318 × ஓம் ÷ ஹேர்ட்ஸ்

நம் கணக்குக்கு 3.98, 1.02 என்று வருகிறது. 3.9 மைக்ரோ ஃபரட்டும் 1 மில்லி ஹென்றியும் போதும், இரண்டிரண்டு வாங்குங்கள். ட்வீட்டருக்குக் கண்டென்சர் தொடராக, காயில் குறுக்காக (கூட்டல், கழித்தல் முனைகளுக்கு இடையே). வூஃபருக்கு அதையே மாற்றிப் போடுங்கள். கண்டென்சர் துருவமில்லாத வகையாக, 100 வோல்ற் தாங்குவதாக இருக்கட்டும். காயில்களைத் தள்ளி, ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பூட்டுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறும்.

படி 4: 8 ஓம் வூஃபர் எல்லா மீடிறனிலும் 8 ஓம் காட்டாது, மேலே போகப் போகத் தடை ஏறும். அப்போது மேலே போட்ட கணக்கு பிசகிவிடும். 8 ஓம் ரெசிஸ்டரையும் 10 மைக்ரோ ஃபரட் கண்டென்சரையும் தொடராக இணைத்து வூஃபருக்குக் குறுக்கே போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

படி 5: ட்வீட்டர் கூடுதலாகக் கத்தினால், கிராஸ்ஓவருக்கு அடுத்து 2.2 ஓம் தொடராகவும் 22 ஓம் ட்வீட்டருக்குக் குறுக்காகவும் போடுங்கள். ஏறக்குறைய 3 டெசிபல் குறையும்.

அப்புறம் பெட்டி. நுவரெலியாப் பக்கத்து ஈரத்துக்கு சிப்போர்ட் ஊதிவிடும், பிளைவுட்டே நல்லது.

கடைசியாகத் துருவம். இந்த வடிவமைப்பில் ட்வீட்டரின் கூட்டல், கழித்தல் வயர்களை மாற்றித்தான் கொடுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஈயம் வைப்பதற்கு முன் சத்தத்தைக் குறைத்து 2500 ஹேர்ட்ஸ் ஒலியை ஃபோனிலிருந்து போட்டு, நேரே உட்கார்ந்து இரண்டு விதமாகவும் கேளுங்கள். எதில் சத்தம் கூடுதலோ அதை நிரந்தரமாக்குங்கள்.