வாழைப்பழமும் பீநட் பட்டரும் இருந்தால் போதும்: மெஷின் இல்லாமல் வீட்டு ஐஸ்கிரீம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வெயிலில் பழுத்த வாழைப்பழம் இரண்டு நாள் தாங்கினாலே பெரிது. தோலில் கரும்புள்ளி விழுந்ததும் யாரும் அதைத் தொடுவதில்லை. ஐஸ்கிரீம் செய்ய வேண்டியதோ அந்தப் பழம்தான். கூடவே பீநட் பட்டர், ஒரு சிட்டிகை உப்பு, ஃப்ரீசரில் ஒரு தட்டு வைக்கிற அளவு இடம். க்ரீம், முட்டை, ஜெலட்டின் எதுவும் சேர்வதில்லை. அதனால் புரட்டாசி மாதம் முழுக்கக் கவுச்சி தொடாத வீடுகளிலும் தயங்காமல் செய்யலாம்.

முறைக்குப் போகுமுன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் வராது. வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீர் தனியாக உறைந்தால் கட்டி ஐஸ், பல்லை உடைக்கும். அதை மிருதுவாக்குகிற வேலையை மூன்று பொருள்கள் செய்கின்றன. பழத்தின் சர்க்கரை, மைனஸ் 18 டிகிரியிலும் தண்ணீரில் ஒரு பகுதியை உறையாமல் வைத்திருக்கிறது. பழத்தின் நாரும் பெக்டினும் கூழுக்குக் கெட்டித்தன்மை தருகின்றன. பீநட் பட்டரில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. அது ஐஸ் படிகங்களுக்கு நடுவே புகுந்து அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகாமல் தடுக்கிறது. சர்க்கரை, நார், கொழுப்பு. கீழே வருகிற ஒவ்வொரு அளவும் இந்த மூன்றையும் பார்த்துத்தான் வைத்திருக்கிறோம். அதனால் முதல் முறை செய்யும்போது அளவை மாற்றாதீர்கள்.

பழம் எப்படி இருக்க வேண்டும்

தோல் மஞ்சளாக, ஆங்காங்கே கரும்புள்ளியோடு, காம்பருகே பச்சை கொஞ்சமும் இல்லாமல் இருக்க வேண்டும். காம்பில் பச்சை இருந்தால் உள்ளே மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாக மாறி முடியவில்லை என்று அர்த்தம். அந்தப் பழத்தில் செய்த ஐஸ்கிரீம் நாக்கில் மாவாகத் தட்டும், இனிப்பும் எடுபடாது. தேன் ஊற்றினால் இனிப்பு கூடுமே தவிர அந்த மாவுத்தன்மை போகாது. தோல் முழுக்கக் கறுத்துப் புளித்த வாடை வந்துவிட்டால் அது காலம் கடந்த பழம், விட்டுவிடுங்கள். டர்பனின் வார்விக் பக்கத்துக் காலைச் சந்தையில் புள்ளி விழுந்த சீப்பை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அப்படிக் கிடைக்கிற அன்றே மொத்தமாக வாங்கி, வெட்டி, ஃப்ரீசரில் போட்டு வைப்பது நல்லது.

பீநட் பட்டர் வாங்கும்போது

டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். கடலையும் உப்பும் மட்டும், அல்லது வெறும் கடலை மட்டும் இருப்பதே சிறந்தது. சர்க்கரை சேர்த்ததை வாங்கியிருந்தால் வீணில்லை, தனியாக இனிப்புச் சேர்க்காமல் விட்டால் போதும். மேலே எண்ணெய் மிதக்கிற வகை என்றால் நீளமான கரண்டியால் அடிவரை கலக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். மேலாக அள்ளினால் வெறும் எண்ணெய் வரும், அடியிலிருந்து எடுத்தால் காய்ந்த கட்டி வரும். இரண்டுமே ஐஸ்கிரீமைக் கெடுக்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்துப் போடவும் கூடாது. உறைந்த பழத்தில் பட்டதும் கட்டி கட்டியாக நின்றுவிடும். ஒரு மணி நேரம் வெளியே வைத்து, கரண்டியிலிருந்து வழிகிற பதத்துக்கு வந்தபின் சேருங்கள்.

செய்முறை

நான்கு பேருக்குத் தேவையானவை: நடுத்தர அளவு வாழைப்பழம் 4 (உரித்தபின் சுமார் 400 கிராம்), பீநட் பட்டர் 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, விருப்பமிருந்தால் வனிலா அரைத் தேக்கரண்டி.

1. பழத்தை உரித்து 1 சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக வெட்டி, எலுமிச்சைச் சாற்றில் புரட்டுங்கள். நிறம் கறுப்பதைச் சாறு தாமதப்படுத்தும். தோலோடு முழுப் பழத்தை உறைய வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அப்புறம் அந்தத் தோலை உரிக்கிற பாடு சொல்லி முடியாது.

2. தட்டில் பேக்கிங் தாள் விரித்து, வில்லைகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஃப்ரீசரின் அடியில், ஏற்கெனவே உறைந்த பொருளின் மேல் தட்டை வைத்தால் சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால் படிகம் சிறிதாக இருக்கும், ஐஸ்கிரீமும் வழவழப்பாக வரும். குறைந்தது 6 மணி நேரம். இரவில் வைத்துக் காலையில் எடுப்பது வசதி. உடனே அரைக்கப் போவதில்லை என்றால் வில்லைகளை ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள்.

3. வெளியே எடுத்து 5 நிமிடம் விடுங்கள். கத்தியால் குத்தினால் முனை கொஞ்சம் இறங்க வேண்டும்.

4. ஃபுட் ப்ராசஸரில் போட்டு, விட்டு விட்டு 10, 15 தடவை ஓட்டுங்கள். முதலில் ரவையாக உடையும். இன்னும் ஓட்டினால் ஈரம் விட்டு உருண்டையாகச் சேர்ந்து ஒரு பக்கம் ஒதுங்கும். முதல் தடவை செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் பயந்துபோய்ப் பாலை ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றாதீர்கள். நிறுத்தி, பக்கத்தை வழித்துவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். மொத்தம் 3, 4 நிமிடத்தில் திடீரென்று பளபளப்பு வந்து கூழ் தளதளவென்று சுழலும். பதம் அதுதான்.

5. இப்போது பீநட் பட்டர், உப்பு, வனிலா சேர்த்து அரை நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். உப்பைக் கைவிட வேண்டாம். குளிரில் நாக்குக்குச் சுவை மந்தமாகத் தெரியும், அந்தச் சிட்டிகை உப்புத்தான் கடலை வாசத்தைத் தூக்கிக் காட்டும்.

அப்படியே கிண்ணத்தில் போட்டால் கடற்கரைக் கடைகளில் பிழிந்து தரும் ஐஸ்கிரீமின் பதம். கரண்டியால் உருட்டி எடுக்க வேண்டுமென்றால் தட்டையான டப்பாவில் 2 மணி நேரம் உறைய விடுங்கள்.

ஃபுட் ப்ராசஸர் இல்லாதவர்களுக்கு மிக்ஸி போதும். ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் இரண்டு தடவையாக அரைக்க வேண்டும், ஜாரை முன்கூட்டியே 15 நிமிடம் ஃப்ரீசரில் வைத்திருக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூடேறி அடியில் உருகும். பத்து நொடி ஓட்டி, நிறுத்தி, கரண்டியால் கிளறுங்கள். உயரமான ப்ளெண்டர் ஜார் இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. வேறு வழியில்லை என்றால் 3 மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி ஓட்டலாம். அதற்கு மேல் போனால் மில்க்ஷேக்தான்.

மாம்பழம், மக்கடேமியா

டிசம்பர் முதல் மார்ச் வரை லிம்போப்போ மாகாணத்து மாம்பழம் வந்து குவியும் காலத்தில் மாம்பழ ஐஸ்கிரீமைச் செய்யுங்கள். கென்ட் வகையில் நார் குறைவு, அரைத்தால் வழவழப்பாக வரும். டாமி அட்கின்ஸ் பார்க்க அழகு, ஆனால் நார் அதிகம். அதுதான் கிடைத்தது என்றால் கூழாக்கி வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டிகளாக உறைய வையுங்கள்.

மாம்பழத்துக்கு வாழையின் கெட்டித்தன்மை கிடையாது. அதனால் கொழுப்பைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். உறைந்த மாம்பழத் துண்டு 400 கிராமுக்கு மக்கடேமியா அல்லது முந்திரி பட்டர் 60 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 60 மில்லி, தேன் அல்லது கோல்டன் சிரப் (பொன்னிறச் சர்க்கரைப் பாகு) 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி. அரைக்கும் முறை மேலே சொன்னதுதான். பீநட் பட்டர் இங்கே வேண்டாம், மாம்பழ வாசத்தை அமுக்கிவிடும்.

மக்கடேமியா பட்டரைக் கடையில் வாங்கினால் விலை கையைக் கடிக்கும். உலகில் மக்கடேமியா அதிகம் விளையும் நாடுகளில் நாமும் முன்வரிசையில் இருக்கிறோம், உடைந்த பருப்பு முழுப் பருப்பைவிட மலிவு. 200 கிராம் உடைந்த பருப்பை 150 டிகிரி அவனில் 8 முதல் 10 நிமிடம், லேசாக நிறம் மாறும்வரை வறுத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரையுங்கள். கொழுப்பு மிகுந்த பருப்பு என்பதால் சீக்கிரம் ஓடுகிற பதத்துக்கு வந்துவிடும். கடலை என்றால் 160 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம், தோல் நீக்கி அரைக்க வேண்டும். பொடியாகி, உருண்டையாகி, பிறகுதான் இளகும், பொறுமை வேண்டும். எதுவானாலும் ஜாரில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. தண்ணீர் பட்டால் விழுது இறுகிக்கொள்ளும், பிறகு எவ்வளவு ஓட்டினாலும் இளகாது.

பூசணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு அதில் இருக்கலாம், வறுத்தாலும் முழுதாகப் போகாது. 2024 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கக் கடைகளிலிருந்து சில பீநட் பட்டர்கள் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம் இதே நஞ்சுதான்.

அன்னாசிக் குச்சி ஐஸ்

அன்னாசியைப் பச்சையாக அரைத்துப் பால், தயிர் எதனோடு சேர்த்தாலும் சிறிது நேரத்தில் கசக்கும். பழத்திலுள்ள ப்ரோமலைன் என்ற நொதி, பாலின் புரதத்தை உடைப்பதால் வருகிற கசப்பு அது. சூடு காட்டினால் அதன் வேகம் அடங்கும். 500 கிராம் அன்னாசித் துண்டை 3 மேசைக்கரண்டி சர்க்கரையோடு, கொதி வந்தபின் 5 நிமிடம் வேகவிட்டு, முழுக்க ஆறவைத்து, 40 கிராம் முந்திரி பட்டர், 100 மில்லி தேங்காய்ப்பால் சேர்த்து அரையுங்கள். அச்சில் விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் கீழேவரை ஊற்றினால் போதும். உறையும்போது தண்ணீர் விரியும். ஒரு மணி நேரம் கழித்துக் குச்சியைச் செருகினால் சாயாமல் நிற்கும். மொத்தம் 6 மணி நேரம். எடுக்கும்போது அச்சைக் குழாய்த் தண்ணீரில் 10, 15 நொடி காட்டுங்கள். வெந்நீர் காட்டினால் வெளிப்பக்கம் வழிந்துவிடும். மேலே மிளகாய்த்தூளும் உப்பும் தூவிக் கடிப்பது நம் ஊர் வழக்கம். கடற்கரையில் மசாலா தூவிய அன்னாசி தின்று வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

சரியாக வராவிட்டால்

நாக்கில் ஐஸ் நெறுநெறுத்தால், பழம் பழுக்கவில்லை அல்லது தண்ணீரோ பாலோ அதிகம் சேர்ந்துவிட்டது. இரண்டு மேசைக்கரண்டி பீநட் பட்டர் சேர்த்து மறுபடி அரைத்தால் ஓரளவு தேறும். வாயில் மெழுகாகப் படிந்தால் நட்ஸ் பட்டர் கூடிவிட்டது. பழத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அரைக்கும்போதே உருகினால் கலவையை ஜாரோடு 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துத் தொடருங்கள். மறுநாள் கல்லாக இருந்தால் அது தவறே இல்லை. கடை ஐஸ்கிரீமில் அரைக்கும்போதே நிறையக் காற்றை அடைக்கிறார்கள், நாம் அடைப்பதில்லை. பத்து நிமிடம் வெளியே வைத்து எடுங்கள், அல்லது அடுத்த முறை ஒரு மேசைக்கரண்டி கோல்டன் சிரப் கூட்டுங்கள். நிறம் கொஞ்சம் பழுப்பானால் சுவைக்குக் கேடில்லை.

விருந்தாளிக்குக் கொடுக்குமுன் கடலை, நட்ஸ் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுங்கள். பொருள் வெளியே தெரியாதபடி அரைத்திருப்பதால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் சேர்த்தது கூடாது.

சேமிப்பும் மின்வெட்டும்

ஆழமில்லாத டப்பாவில் நிரப்பி, மேற்பரப்பில் படும்படி பேக்கிங் தாள் ஒட்டி மூடினால் இரண்டு வாரம் சுவை மாறாமல் இருக்கும். லோட்ஷெடிங் வந்தால் ஃப்ரீசர் கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய ஃப்ரீசர் மூடியபடி இருந்தால் 48 மணி நேரம்வரை குளிர் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். காலியிடம் இருந்தால் தண்ணீர்ப் பாட்டில்களை உறைய வைத்து நிரப்பிவிடுங்கள். ஆனாலும் கதவோரம் இருக்கிற டப்பா லேசாக இளகி மறுபடி உறையும்போது படிகம் பெரிதாகும். அப்படியானதைக் கொட்ட வேண்டியதில்லை: இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கிறதென்றால், கட்டியாக உறைந்தபின் கத்தியால் துண்டு போட்டு, 5 நிமிடம் வெளியே வைத்து, ப்ராசஸரில் மறுபடி ஒரு சுற்று ஓட்டி, அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.