பின்னாடி வந்து இடிச்சிட்டாங்களா? பேனாவ கீழ வைங்க மொதல்ல

போன வாரம் ஒருத்தர் வந்தாரு. ஹைவேல முன்னாடி டிராஃபிக் நின்னதால இவரும் நிறுத்தியிருக்காரு, பின்னாடி வந்த வண்டி நிக்காம வந்து சாத்திருச்சு. கழுத்த திருப்ப முடியாம உடம்போட சேத்து திரும்புறாரு மனுஷன். கையில இன்சூரன்ஸ் குடுத்த செட்டில்மென்ட் பேப்பர், கையெழுத்து போட்டாச்சு. அத பாத்ததும் எனக்கு பழைய எரிச்சல் அப்படியே வந்துருச்சு, ஏன்னா இன்சூரன்ஸ் கிளெய்ம் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நானும் அதே மாதிரி ஒரு பேப்பர்ல அதே மாதிரி கையெழுத்து போட்டவன்தான்.

ஃபோட்டோ எடுங்க, போலீஸுக்கு சொல்லுங்க, நம்பர் குறிச்சுக்கோங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அத விட்டுர்றேன். அதுக்கப்புறம் நம்மாளுங்க பண்ற தப்ப மட்டும் ஒவ்வொண்ணா சொல்றேன்.

"எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றது

பின்னாடி இடி விழுந்தா சீட்டு உடம்ப முன்னாடி தள்ளுது, தலை மட்டும் இருந்த எடத்துலயே நிக்கப்பாக்குது. அந்த நொடிக்குள்ள கழுத்து வளைஞ்சு நெளியுது. வலி அப்பவே வரணும்னு இல்ல, அன்னிக்கி ராத்திரியோ ரெண்டு நாள் கழிச்சோ கூட வரும். ஆனா இன்சூரன்ஸ்ல இருந்து ஃபோன் அதுக்கு முன்னாடியே வந்துரும், "எப்படி இருக்கீங்க சார்"னு. மரியாதைக்கு "நல்லாருக்கேன்"னு சொல்லுவோம்ல, அது ரெக்கார்ட் ஆகும். "டாக்டர பாத்துட்டு சொல்றேன்"னு சொல்லிட்டு வைங்க, அன்னிக்கே போய் பாத்தும் வைங்க.

எக்ஸ்ரே கிளியர்னா கிளியர்னு நெனைக்கிறது

எக்ஸ்ரே எலும்பத்தான் காட்டும். தசை, தசைநார், டிஸ்க் எதுவும் அதுல தெரியாது. 1995-ல கனடாவுல கியூபெக் குழு ஒண்ணு விப்லாஷ்னு சொல்ற இந்த கழுத்து காயத்த 0-ல இருந்து 4 வரைக்கும் தரம் பிரிச்சாங்க, அதுல எலும்பு முறிவும் மூட்டு விலகலும் 4-ல மட்டும்தான் வருது. கை மரத்துப்போறது, பலம் கொறையறது எல்லாம் 3. அதனால "கழுத்து வலி"ன்னு மட்டும் சொல்லிட்டு வராதீங்க, எந்த விரல் மரத்துப்போகுது, எந்தப் பக்கம் திரும்ப முடியல, தூக்கம் வருதா, எல்லாத்தையும் டாக்டர எழுத வைங்க.

வண்டி காசு வாங்குற பேப்பர்ல உடம்பையும் எழுதி குடுக்குறது

இதான் என் வயித்தெரிச்சல்.

அஞ்சாவது நாள் எனக்கு பேப்பர் வந்துச்சு. வண்டி ரிப்பேருக்கான செட்டில்மென்ட்னுதான் ஃபோன்ல சொன்னாங்க, தொகையும் ரிப்பேர் பில்லுக்கு சரியா இருந்துச்சு, வண்டி இல்லாம அல்லாடிட்டு இருந்தேன், சரி வந்தவரைக்கும் லாபம்னு போட்டுட்டேன். ரெண்டாவது பக்கத்துல "இந்த விபத்து தொடர்பான எல்லா கோரிக்கைகளும், இப்ப தெரிஞ்சதும் இனிமே தெரியவர்றதும்"னு ஒரு வரி இருந்துச்சு. நான் ரெண்டாவது பக்கத்த திருப்பவே இல்ல. மூணு வாரம் கழிச்சு இடது கை மரத்துப்போச்சு, எம்ஆர்ஐ எடுத்தா டிஸ்க் பிதுங்கி நரம்ப அழுத்துது. ஃபோன் பண்ணேன். ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க, நான் கையெழுத்து போட்ட பக்கத்த ஸ்கேன் பண்ணி எனக்கே அனுப்பி வச்சாங்க. மொத்த வைத்தியமும் என் கைக்காசு.

வண்டி சேதம் வேற, உடம்பு காயம் வேற. பெரும்பாலும் ரெண்டையும் தனித்தனியா முடிச்சுக்கலாம். பேப்பர்ல "உடல் காயத்துக்கான கோரிக்கை இதுல அடங்காது"ன்னு எழுத்துல கேளுங்க, எழுதித்தர மாட்டேன்னா அங்கயே புரிஞ்சுக்கோங்க. உடம்புக்கான பேச்ச, டாக்டர் "இதுக்கு மேல பெருசா மாற்றம் இருக்காது"ன்னு சொல்ற கட்டம் வந்தப்புறம் முடிங்க, இனிமே ஆகப்போற வைத்திய செலவும் அப்பதான் கணக்குல வரும். அதுக்காக சும்மா இழுத்துட்டும் போகாதீங்க, வழக்கு போட காலக்கெடு ஊருக்கு ஊரு மாறும், நீங்க அவங்களோட பேசிட்டே இருக்கீங்கன்னு பொதுவா அது நிக்காது. மொத நாளே கெடு என்னன்னு கேட்டு எழுதி வைங்க.

பிசியோதெரபிய பாதில விடறது

"வலி இருந்தா ஏன் போகல?" இந்த ஒரு கேள்விக்கு பதில் கெடையாது.

பழைய முதுகு வலிய மறைக்கிறது

பழைய மெடிக்கல் ரெக்கார்ட எப்படியும் கேப்பாங்க. மறைச்சது மாட்டிச்சுன்னா நெசமான காயத்தையும் நம்ப மாட்டாங்க. முன்னாடி இவ்ளோ இருந்துச்சு, இடிச்சப்புறம் இவ்ளோ ஆச்சுன்னு டாக்டர் எழுதினா அதுவே பலம்.

பம்பர் நல்லாத்தான இருக்குன்னு விடறது

வெளிய இருக்குறது பிளாஸ்டிக் கவர், நெளிஞ்சு திரும்ப நிமிந்துக்கும். உள்ள இருக்குற இரும்பு மடங்கியிருக்கலாம். "கீறல்தான் விழுந்திருக்கு, இதுல எப்படி கழுத்து போகும்"னு கேப்பாங்க, அதனால கவர கழட்டி ஃபோட்டோ எடுத்துட்டு அப்புறமா ரிப்பேருக்கு விடுங்க. டாஷ்கேம் (வண்டிக்குள்ள ரோட்ட பாத்து மாட்டுற கேமரா) வீடியோவ அன்னிக்கே காப்பி பண்ணுங்க, ஓடிட்டே இருந்தா பழசு மேல புதுசு ஏறிரும்.

"பின்னாடி இடிச்சவன் மேலதான் தப்பு"ன்னு மெதப்பா இருக்குறது

பெரும்பாலும் ஆமா. உங்க பிரேக் லைட் எரியலன்னா, இல்ல நாலு வண்டி வரிசையா இடிச்சிருந்தா, கதை வேற.

ஸ்டேட்டஸ் போடறது

போடாதீங்க.

போன வாரம் வந்தவரு பேப்பரையும் ரெண்டாவது பக்கம் திருப்பிப் பாத்தேன். அதே வரி, வார்த்தைதான் கொஞ்சம் மாறியிருக்கு. நல்லவேளை செக்க இன்னும் பேங்க்ல போடல. போடாதீங்கன்னு சொல்லி அன்னிக்கே வக்கீல்கிட்ட அனுப்பி வச்சேன், ஃபோன்ல வண்டி பத்தி மட்டும்தான் பேசினாங்கங்கறத வச்சு ஏதாவது பண்ண முடியுமான்னு பாத்துட்டு இருக்காரு.